கட்சி மாறியும் பதவி போகாதது ஏன்? கட்சித் தாவல் தடைச் சட்டமும் மாநில அரசியலும்

2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு தமிழகச் சட்டப்பேரவையில் நம்பிக்கை கோரியபோது, அதிமுக சின்னத்தில் வென்ற 11 உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பதவி இழக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று, அதே கட்சியின் வேறு 18 உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். இவர்கள் பிப்ரவரியில் அரசைக் காப்பாற்ற வாக்களித்தவர்கள். பேரவைக்குள் அரசை எதிர்த்து ஒருமுறைகூட வாக்களிக்காதவர்கள். ஆகஸ்ட் 22 அன்று ஆளுநரைச் சந்தித்து, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது.

இரண்டுக்கும் பொருந்தும் சட்டம் ஒன்றே. எதிர்த்து வாக்களித்தவருக்குப் பதவி இருந்தது, கடிதம் கொடுத்தவருக்குப் போனது. இது எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள், சட்டம் எதைக் குற்றம் என்கிறது, அதை யார் முடிவு செய்கிறார், எத்தனை நாளில் முடிவு செய்ய வேண்டும் ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மாநில அரசுகள் கவிழ்வதும் பிழைப்பதும் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது.

சட்டம் வந்த வழி

1967 பொதுத்தேர்தலில் பல மாநிலங்களில் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. கூட்டணி அரசுகள் அமைந்தன. ஓரிருவர் அணி மாறினாலே அரசு விழும் நிலை. ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' (ராம் வந்தார், ராம் போனார்) என்ற சொல் அவரிடமிருந்துதான் வந்தது. அந்தத் தேர்தலுக்கும் 1968 பிப்ரவரிக்கும் இடையில் மட்டும் 438 கட்சித் தாவல்கள் நடந்ததாக ஒய்.பி. சவாண் குழு கணக்கெடுத்தது. அணி மாறிய மாநில உறுப்பினர்கள் 210 பேரில் 116 பேர் அமைச்சர்கள் ஆனார்கள் என்றும் அதே குழு சொன்னது. நோய் எங்கே இருக்கிறது என்பதை இந்த இரண்டாவது எண்ணே காட்டிவிட்டது. ஆனாலும் அமைச்சர் பதவி என்ற தூண்டிலைச் சட்டம் தொட்டது 35 ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

1973இலும் 1978இலும் கொண்டுவந்த மசோதாக்கள் நிறைவேறவில்லை. 1985இல் ராஜீவ் காந்தி அரசு 52ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்தில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது இந்த அட்டவணையைத்தான். 1985 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

பதவி எப்போது பறிபோகும்

1. கட்சி உறுப்பினர் பதவியைத் 'தானாக முன்வந்து கைவிட்டால்'. கடிதம் எழுதி விலகினால்தான் இது பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். நடத்தையை வைத்தே முடிவு செய்யலாம் என்று 1994இல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழகத்தின் 18 பேர் மீது பாய்ந்தது இந்தப் பிரிவுதான். சொந்தக் கட்சியின் முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் போனதே கட்சியைக் கைவிட்டதற்குச் சமம் என்று சபாநாயகர் தனபால் முடிவெடுத்தார்.

2. கட்சி கொறடாவின் (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் உறுப்பினர்களுக்கு உத்தரவிடுபவர்) உத்தரவை மீறி அவையில் வாக்களித்தால், அல்லது வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் இருந்தால். முன்அனுமதி பெற்றிருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டாலோ பதவிக்கு ஆபத்தில்லை.

3. சுயேச்சையாக வென்றவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும்.

4. நியமன உறுப்பினர், பதவியேற்ற ஆறு மாதம் கழித்து ஒரு கட்சியில் சேர்ந்தால்.

கட்சியே ஒருவரை நீக்கினால் என்ன ஆகும்? இதற்கான விடை தமிழக வழக்கிலிருந்து வந்தது. 1991இல் அதிமுக சார்பில் வென்று, 1994இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட இருவர், பிறகு மதிமுகவில் சேர்ந்தார்கள். நீக்கப்பட்டாலும் அவையைப் பொறுத்தவரை தேர்தலில் நிறுத்திய கட்சியின் உறுப்பினரே, எனவே வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்று ஜி. விஸ்வநாதன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிருப்தியாளர்களைக் கட்சிகள் சில நேரம் நீக்காமல், 'இடைநீக்கம்' என்று நிறுத்தி வைப்பதும், அந்த உறுப்பினர்கள் வேறு கட்சியில் முறையாகச் சேராமல் 'ஆதரவாளராக' மட்டும் வலம் வருவதும் இந்தப் பின்னணியில் நடப்பவை.

கொறடா உத்தரவுக்கும் ஓர் எல்லை உண்டு. மாநிலங்களவைத் தேர்தல் வாக்கு பத்தாவது அட்டவணைக்குள் வராது. 2024 பிப்ரவரி 27 அன்று இமாச்சலத்தில் ஆறு காங்கிரஸ் உறுப்பினர்கள் பாஜக வேட்பாளருக்கு வாக்களித்தார்கள். 34க்கு 34 என்று சமமாகி, குலுக்கலில் பாஜக வென்றது. இரண்டு நாளில் அந்த ஆறு பேரும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். காரணம் அந்த வாக்கு இல்லை. கொறடா உத்தரவு இருந்தும், மறுநாள் பட்ஜெட் வாக்கெடுப்புக்கு வராமல் இருந்ததுதான் காரணம்.

மூன்றில் ஒன்றும் மூன்றில் இரண்டும்

1985 சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. சட்டமன்றக் கட்சியில் (பேரவையில் உள்ள ஒரு கட்சி உறுப்பினர்களின் குழு) மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து வெளியேறினால் அது 'பிளவு'. யாருக்கும் பதவி போகாது. 1997இல் உத்தரப் பிரதேசத்தில் முதல்வர் கல்யாண் சிங், காங்கிரஸிலிருந்தும் பகுஜன் சமாஜிலிருந்தும் பிரிந்து வந்தவர்களை வைத்துப் பெரும்பான்மை காட்டினார். அந்த அமைச்சரவையில் 93 பேர் இருந்தார்கள்.

2003இன் 91ஆவது திருத்தம் மூன்று மாற்றங்களைச் செய்தது.

1. 'பிளவு' என்ற விலக்கை நீக்கியது.

2. அமைச்சரவையின் அளவை, முதல்வரையும் சேர்த்து, பேரவை எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்குள் கட்டியது. தமிழகத்தில் 234இல் 15 விழுக்காடு 35.1, எனவே 35 பேர். சிறிய மாநிலங்களிலும் இந்த எண்ணிக்கை 12க்குக் கீழே போகாது.

3. கட்சி தாவியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டவர், மீண்டும் தேர்தலில் வெல்லும்வரை, அல்லது அவருடைய பதவிக்காலம் முடியும்வரை, அமைச்சராக முடியாது. சம்பளம் பெறும் அரசியல் பதவி எதிலும் அமரவும் முடியாது.

மிஞ்சிய விலக்கு 'இணைப்பு'. சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் இணைப்பு நடந்ததாகக் கருதப்படும். கட்சியே இன்னொரு கட்சியோடு இணைந்து, அதை மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஏற்க வேண்டுமா, அல்லது உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் போதுமா என்பது நீண்டகாலச் சண்டை. கோவா வழக்கில் 2022 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் இரண்டாவது பொருளை ஏற்றது. மேலே கட்சி அப்படியே இருக்க, பேரவைக்குள் மட்டும் அது இன்னொரு கட்சியில் 'இணைந்துவிட' முடியும் என்பது இதன் நடைமுறை விளைவு. சட்டத்தின் நோக்கத்தோடு இந்தப் பொருள் ஒத்துப்போகவில்லை என்பதே என் கருத்து.

இந்தக் கணக்கு சிறிய அவைகளில் எவ்வளவு எளிது என்று பாருங்கள்.

* கோவா, 2019 ஜூலை: 15 காங்கிரஸ் உறுப்பினர்களில் 10 பேர் பாஜகவில். சரியாக மூன்றில் இரண்டு.
* ராஜஸ்தான், 2019 செப்டம்பர்: பகுஜன் சமாஜின் ஆறு பேரும் காங்கிரஸில்.
* கோவா, 2022 செப்டம்பர்: 11 காங்கிரஸ் உறுப்பினர்களில் 8 பேர் பாஜகவில். அந்த ஆண்டுத் தேர்தலுக்கு முன் அதே கட்சியின் வேட்பாளர்களைக் கோயில், தேவாலயம், தர்கா மூன்றுக்கும் அழைத்துச் சென்று, கட்சி மாற மாட்டோம் என்று உறுதிமொழி வாங்கியிருந்தார்கள்.

தெலங்கானாவில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. 2018இல் காங்கிரஸ் 19 இடங்களில் வென்றது. 19க்கு மூன்றில் இரண்டு என்றால் 13 பேர் வேண்டும். மாநிலத் தலைவர் உத்தம் குமார் ரெட்டி மக்களவைக்குப் போனதால் பேரவை இடத்தை விட்டார். எண்ணிக்கை 18 ஆனது. 12 பேர் போதும். 2019 ஜூனில் சரியாக 12 பேர் தெலங்கானா ராஷ்டிர சமிதியில் இணைந்தார்கள்.

ஒருவர் தனியாகப் போனால் பதவி போகும். எண்ணிக்கை நிறைந்தால் போகாது. இந்த விதியிலிருந்தே விடுதி அரசியலும் பெருகியது. எண்ணிக்கை சேரும்வரை ஒருவரும் நழுவக் கூடாது. சேர்ந்த பிறகு வாக்கெடுப்புவரை கலையக் கூடாது. தமிழக உறுப்பினர்கள் கூவத்தூரிலும், கர்நாடகத்தார் மும்பையிலும், மத்தியப் பிரதேசத்தார் பெங்களூருவிலும், மகாராஷ்டிரர்கள் குவாஹாட்டியிலும் தங்க வைக்கப்பட்டது இதற்காகத்தான். ஆளுங்கட்சியும் இதே காரணத்துக்காகத் தன் ஆட்களை அடைத்து வைக்கிறது.

ராஜினாமா என்ற புதிய பாதை

மூன்றில் இரண்டு சேராத பெரிய கட்சிகளில் என்ன செய்வது? கர்நாடகமும் மத்தியப் பிரதேசமும் காட்டிய வழி, கட்சி மாறாமல் பதவியையே ராஜினாமா செய்வது. அவையின் மொத்த எண்ணிக்கை குறையும், பெரும்பான்மைக்கான எண்ணும் இறங்கும், எதிர்க்கட்சி தன் பழைய பலத்தோடே ஆட்சிக்கு வந்துவிடும்.

கர்நாடகம், 2019: 224 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 113 தேவை. பாஜகவிடம் 105. காங்கிரஸ், மதச்சார்பற்ற ஜனதா தளம் கூட்டணியின் 17 பேர் விலகி நின்றதால், ஜூலை 23 அன்று குமாரசாமி அரசு 99க்கு 105 என்று தோற்றது. அந்த 17 பேரையும் சபாநாயகர் ரமேஷ் குமார் தகுதி நீக்கம் செய்தார். மீதி 207; பெரும்பான்மை 104; பாஜகவின் 105 போதுமானதாக ஆனது. அரசைக் காப்பாற்றத் தகுதி நீக்கம் உதவவில்லை. எதிரணியின் கணக்கைத்தான் அது முடித்துக் கொடுத்தது.

மத்தியப் பிரதேசம், 2020: இரண்டு இடம் காலியாக இருந்த 228 பேர் அவையில் 22 காங்கிரஸ் உறுப்பினர்கள் ராஜினாமா செய்தார்கள். மீதி 206, பெரும்பான்மை 104, பாஜகவிடம் 107. மார்ச் 20 அன்று முதல்வர் கமல்நாத் பதவி விலகினார்.

இரண்டு மாநிலத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் செய்திகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கர்நாடகத்தில் அவர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்கள். 91ஆவது திருத்தம் தடுத்ததால் மீண்டும் வெல்லும்வரை அமைச்சராக முடியவில்லை. டிசம்பர் இடைத்தேர்தலில் வென்று, 2020 பிப்ரவரியில்தான் அவர்களில் 10 பேர் அமைச்சரானார்கள். மத்தியப் பிரதேசத்தில் ராஜினாமா ஏற்கப்பட்டுவிட்டது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் கட்சி தாவியவர்களே இல்லை. பேரவை உறுப்பினராக இல்லாத ஒருவர் ஆறு மாதம்வரை அமைச்சராக இருக்கலாம் என்ற பொது விதியைப் பயன்படுத்தி, உறுப்பினர் அல்லாத 14 பேர் சிவராஜ் சிங் சவுகான் அமைச்சரவையில் அமர்ந்தார்கள். கரோனாவால் இடைத்தேர்தல் தள்ளிப்போனதால், அவர்களில் இருவர் ஆறு மாதக் கெடு முடிந்து அக்டோபரில் விலக நேர்ந்தது.

ராஜினாமாவை சபாநாயகர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. அது தன்விருப்பப்படி, உண்மையாகத் தரப்பட்டதுதானா என்று விசாரிக்கும் அதிகாரத்தை 1974இன் 33ஆவது திருத்தம் தந்திருக்கிறது. ஆனால் பதவி விலகுவதற்கு என்ன நோக்கம் என்று அவர் கேட்டு மறுக்க முடியாது. கர்நாடக வழக்கில் 2019 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தகுதி நீக்கத்தை உறுதி செய்தது. ஆனால் 2023இல் பேரவைக் காலம் முடியும்வரை போட்டியிடக் கூடாது என்று சபாநாயகர் விதித்த தடையை நீக்கியது. தகுதி நீக்கம் என்றால் இருக்கும் இடம் போகும், அவ்வளவுதான். அடுத்த மாதமே புதிய கட்சியின் சின்னத்தில் நிற்கலாம்.

கடிகாரம் சபாநாயகர் கையில்

தகுதி நீக்க மனுவை விசாரிப்பவர் சபாநாயகர். அவர் ஏதோ ஒரு கட்சியின் சார்பில் வென்றவர். பெரும்பான்மை விரும்பும்வரைதான் அந்த நாற்காலியில் இருக்கலாம். 1992இல் கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் 3க்கு 2 என்று பிரிந்தார்கள். சுதந்திரமற்ற ஒருவரிடம் இந்த அதிகாரத்தைத் தரக்கூடாது என்றார்கள் சிறுபான்மை நீதிபதிகள். பெரும்பான்மைத் தீர்ப்பு சபாநாயகர் முறையை ஏற்றது. அவருடைய முடிவை நீதிமன்றம் பிறகு ஆராயலாம் என்றது. முடிவுக்கு முன் பொதுவாகத் தலையிடுவதில்லை என்றும் சொன்னது.

இந்தக் கடைசி வரிதான் மாநில அரசியலை மாற்றியது. பத்தாவது அட்டவணையில் கால வரம்பு கிடையாது. முடிவெடுத்தால்தான் நீதிமன்றம் பார்க்கும்; எனவே வேண்டியவர்மீது வந்த மனுவில் முடிவே எடுக்காமல் இருந்தால் போதும். வேண்டாதவர்மீது வந்த மனுவில் சில வாரங்களில் முடிவெடுக்கலாம். தொடக்கத்தில் கேட்ட புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 11 பேர் கொண்ட அணி 2017 ஆகஸ்ட் 21 அன்று ஆளுங்கட்சியோடு மீண்டும் சேர்ந்தது. மறுநாள் ஆளுநரைப் பார்த்த அணி நான்கு வாரத்தில் பதவி இழந்தது. 11 பேர் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2020 பிப்ரவரியில் சபாநாயகரிடமே திரும்பியது. 2021இல் பேரவைக் காலம் முடியும்வரை அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உத்தரப் பிரதேசத்தில் 2003 ஆகஸ்டில் அணி மாறிய 13 பகுஜன் சமாஜ் உறுப்பினர்களை உச்ச நீதிமன்றமே தகுதி நீக்கம் செய்தபோது, 2007 பிப்ரவரி ஆகிவிட்டது. அடுத்த தேர்தல் வாசலில் நின்றது. மணிப்பூரில் 2017இல் காங்கிரஸ் சின்னத்தில் வென்ற ஷியாம்குமார் உடனே பாஜக அரசில் அமைச்சரானார். 2020 ஜனவரியில் இந்த வழக்கில்தான், விதிவிலக்கான சூழல் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அதற்குப் பிறகும் முடிவு வராததால், மார்ச்சில் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை அமைச்சர் பதவியிலிருந்து நீதிமன்றமே இறக்கியது. மூன்று ஆண்டு அமைச்சராக இருந்த பிறகு வந்த நீதி அது. பாரத ராஷ்டிர சமிதியிலிருந்து (முன்பு தெலங்கானா ராஷ்டிர சமிதி) காங்கிரஸுக்குப் போன 10 தெலங்கானா உறுப்பினர்கள் வழக்கில், 2025 ஜூலை 31 அன்று மீண்டும் மூன்று மாதக் கெடு விதித்த நீதிமன்றம், இந்த அதிகாரம் சபாநாயகரிடமே இருக்கலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது.

மகாராஷ்டிரம் புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. 2022 ஜூனில் ஏக்நாத் ஷிண்டேயோடு போனவர்கள், 55 பேர் கொண்ட சிவசேனை சட்டமன்றக் கட்சியில் தேவையான 37ஐத் தாண்டினார்கள். ஆனால் வேறு கட்சியில் இணையவில்லை. 'நாங்கள்தான் சிவசேனை' என்றார்கள். கொறடாவை நியமிக்கும் உரிமை கட்சிக்கே, சட்டமன்றக் குழுவுக்கு இல்லை என்றும், பிளவு என்று சொல்லித் தப்ப முடியாது என்றும் 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் முதல்வராக இருந்த உத்தவ் தாக்கரே வாக்கெடுப்பைச் சந்திக்காமலே ராஜினாமா செய்துவிட்டதால் பழைய அரசைத் திரும்ப அமர்த்த முடியாது என்றது. உண்மையான கட்சி எது என்ற முடிவு சபாநாயகரிடம் போனது. 2024 ஜனவரி 10 அன்று ஷிண்டே அணியே சிவசேனை என்று அவர் அறிவித்தார். இரு தரப்பிலும் ஒருவரும் தகுதி நீக்கம் ஆகவில்லை.

தொகுதிக்கு என்ன ஆகிறது

தமிழகத்தின் 18 தொகுதிகளுக்கு 2017 செப்டம்பர் முதல் 2019 மே வரை, 20 மாதம், சட்டமன்ற உறுப்பினரே இல்லை. உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கத்தை உறுதி செய்த பிறகே இடைத்தேர்தலுக்கு வழி பிறந்தது. தொகுதிக்காரர் மனு கொடுக்கவும், பேரவையில் கேள்வி எழுப்பவும் ஆள் இல்லாத காலம் அது. இந்த இழப்பைப் பற்றி எந்தத் தீர்ப்பும் போதிய அளவு பேசவில்லை.

வாக்காளர் தாவலைத் தண்டிக்கிறாரா என்றால், இடத்துக்கு இடம் மாறுகிறது. கர்நாடகத்தில் இடைத்தேர்தல் நடந்த 15 இடங்களில் 12ஐ பாஜக வென்றது. மத்தியப் பிரதேசத்தில் 28இல் 19. இமாச்சலத்தில் பாஜக சார்பில் நின்ற அந்த ஆறு பேரில் நால்வர் தோற்றார்கள். தமிழகத்தில் அந்த 18 உட்பட இடைத்தேர்தல் நடந்த 22 இடங்களில் திமுக 13ஐயும் அதிமுக 9ஐயும் பிடித்தன. அந்த ஒன்பது இடங்களால் அரசு நிலைத்தது.

இன்னொரு விளைவு சத்தமில்லாதது. கொறடா உத்தரவு அரசைக் கவிழ்க்கும் வாக்குக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எந்த மசோதாவுக்கும் அதைப் பிறப்பிக்கலாம். தன் தொகுதியைப் பாதிக்கும் சட்டத்தை எதிர்க்க விரும்பும் உறுப்பினருக்குப் பேச்சு உண்டு, வாக்கு இல்லை. கொறடா உத்தரவு மீறலுக்கான தகுதி நீக்கம் நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற முக்கிய வாக்கெடுப்புகளுக்கு மட்டும் இருக்கட்டும் என்றும், முடிவைத் தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ எடுக்கட்டும் என்றும் தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே பரிந்துரைத்தது. இரண்டும் ஏட்டிலேயே இருக்கின்றன.

அடுத்த செய்தியைப் படிக்கும்போது

1. அவர் ராஜினாமா செய்தாரா, தகுதி நீக்கம் ஆனாரா? அமைச்சராக முடியுமா என்பது இதில்தான் இருக்கிறது.

2. அவருடைய சட்டமன்றக் கட்சியின் இன்றைய எண்ணிக்கை என்ன, அதில் மூன்றில் இரண்டு எவ்வளவு? தேர்தலில் வென்ற எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் தெலங்கானா போலத் தவறிவிடும்.

3. காலியிடங்களைக் கழித்தால் பெரும்பான்மைக்கு எத்தனை பேர் வேண்டும்?

4. கொறடா உத்தரவு எந்த வாக்கெடுப்புக்கு, யார் பெயரில் வந்தது, உறுப்பினர் கைக்குச் சேர்ந்ததா?

5. மனு எந்தத் தேதியில் சபாநாயகரிடம் போனது? அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்தை எண்ணத் தொடங்குங்கள்.